வாசிப்பதைக் கேட்க ஓர் ஆள்

'பொம்மை' என்று அச்சில் இருந்தால் நாம் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. கண் பட்டதும் சொல் வந்துவிடுகிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தச் சொல் வேறு மாதிரி. முதலில் ஓர் ஒற்றைக்கொம்பு நிற்கிறது. அதற்கென்று தனி ஒலி இல்லை. அடுத்து 'ப'. அதற்கடுத்து ஒரு துணைக்கால். கொம்பையும் காலையும் மனத்தில் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் 'ப'வோடு சேர்த்தால்தான் 'பொ' கிடைக்கும். கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஒலி அந்த வரிசையில் வருவதில்லை. காலை விட்டுவிட்டால் 'பெ'. காலை 'ர' என்று எடுத்துக்கொண்டால் 'பெர'. 'பெரம்மை' என்று வாசிக்கும் குழந்தையை அதட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் குழந்தை தூங்கி வழியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு குறியையும் வரிசைப்படி, நாணயமாக வாசித்திருக்கிறது.

இந்த இடத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். "இது ர இல்லடா, கால். கொம்பும் காலும் சேந்து வந்தா என்ன சொல்லுவோம்?" குழந்தை யோசிக்கும். "பொ... பொம்... பொம்மை!" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். யாரும் இல்லாவிட்டால் 'பெரம்மை' அப்படியே நின்றுவிடும். அடுத்த பக்கத்தில் 'கொக்கு' வரும்போது அது 'கெரக்கு' ஆகும். பக்கத்தில் இருக்கும் அந்த ஒருவரைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். ஆசிரியர் பயிற்சி பெறாதவர், பெரும்பாலும் அதே ஊர்க்காரர், தன்னார்வலர். அவரால் என்ன செய்ய முடிகிறது, ஏன் முடிகிறது, எந்தச் சூழ்நிலையில் முடியாமல் போகிறது என்பதெல்லாம் இன்று ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. இந்த அறிவில் பெரும்பகுதி இந்தியாவின் கிராமங்களிலும் நகராட்சிப் பள்ளிகளிலும் கிடைத்தது.

பேசுவதற்குக் குழந்தை பிறக்கும்போதே ஆயத்தமாக வருகிறது. வாசிப்புக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மூளையில் வாசிப்புக்கென்று ஓர் இடம் பரிணாமத்தில் உருவாக அந்தக் காலம் போதாது. பிறகு எதைக் கொண்டு வாசிக்கிறோம்? பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் தரும் விளக்கம் இதுதான்: வேறு வேலைக்காக இருந்த ஓர் இடத்தை எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். மூளையின் இடது பக்கத்தில், பின்புற அடிப்பகுதியில், பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பரப்பு ஒன்று உண்டு. வாசிக்கப் பழகப் பழக, அதில் ஒரு சிறு பகுதி எழுத்துக்கென்றே ஆகிவிடுகிறது. ஆங்கிலம் வாசிப்பவருக்கும் சீனம் வாசிப்பவருக்கும் ஏறக்குறைய அதே இடம்தான்.

இந்த மாற்றத்துக்கு வயது ஒரு தடையல்ல. டெஹேனின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் பிரேசிலையும் போர்ச்சுகலையும் சேர்ந்தவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெரியவர்களான பிறகு எழுத்தறிவு பெற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் மூளையிலும் எழுத்துக்கான இடம் உருவாகியிருந்தது. 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வு லக்னோவை அடுத்த கிராமத்தில் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். மூளையின் புறணியோடு மாற்றம் நின்றுவிடவில்லை. ஆழத்தில் இருக்கும் தாலமஸ், மூளைத்தண்டு ஆகிய பழைய பகுதிகளுக்கும் பார்வைப் புறணிக்கும் இடையிலான ஒத்திசைவே கூடியிருந்தது. முப்பது வயதையொட்டியவர்களுக்கு ஆறு மாதத்தில் இது நடக்கும் என்றால், நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்து தெரியாத குழந்தையைப் பார்த்து 'இனிமேல் எங்கே' என்று கைவிரிக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் கடன் வாங்கிய இடம் தன் பழைய வழக்கத்தைச் சட்டென்று விடாது. ஒரு குவளையை இடப்பக்கம் திருப்பி வைத்தாலும் வலப்பக்கம் திருப்பி வைத்தாலும் அது குவளைதான் என்று மூளை பழகியிருக்கிறது. அதனால்தான் சின்னக் குழந்தைகள் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுகிறார்கள். சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் விடுவதும் அதே பழக்கம்தான். தமிழிலோ அந்தச் சிறு வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. எ, ஏ இரண்டுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். ன, ண இரண்டுக்கும் ஒரு சுழி. மெய்யெழுத்துக்கும் அகரமேறிய எழுத்துக்கும் ஒரு புள்ளி. உகர, ஊகார வரிசைகளில் எல்லா எழுத்துக்கும் பொதுவான ஒரு குறிகூடக் கிடையாது. கு, து, பு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுழிகிறது. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை போன்றவற்றை ஒழுங்குபடுத்திக் குழந்தைகளுக்குப் பெரிய நன்மை செய்தது. உகர வரிசை அப்படியே இருந்துவிட்டது.

மொத்தம் 247 எழுத்து. இருபத்தாறு எழுத்துகளை ஒரு பருவத்தில் முடித்துவிடும் ஆங்கிலக் கணக்கு இங்கே பொருந்தாது. கன்னட எழுத்துகளைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த சோனாலி நாக், அந்தக் கற்றல் நான்காம் வகுப்பு வரைக்கும் நீளுகிறது என்று காட்டினார். கன்னடத்தின் எழுத்துத் தொகை தமிழைவிடப் பெரியதுதான். என்றாலும் உயிர்மெய் முறையில் எழுதப்படும் மொழிகளில், முதல் வகுப்போடு எழுத்து முடிந்துவிட்டது என்று பாடப்புத்தகம் நினைத்துக்கொள்வது தவறு என்பதற்கு அந்த ஆய்வு நல்ல சான்று.

எழுத்து தெரிந்தால் போதுமா? போதாது. வேகம் வேண்டும். கையோடு வைத்திருக்கும் நினைவு சில நொடிகளில் கரைந்துவிடும். 'தோட்டத்தில் பூத்த பூவை வண்டு தேடி வந்தது' என்ற வரியை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கும் குழந்தை, 'வந்தது' என்று முடிக்கும்போது தோட்டத்தை மறந்திருக்கும். எல்லாச் சொல்லையும் சரியாக வாசித்தும் பொருள் புரியாமல் போவது இப்படித்தான்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு டேவிட் ஷேர் என்ற உளவியலாளர் 1995-இல் விரிவாக ஒரு கருத்தை முன்வைத்தார். புதிய சொல் ஒன்றைக் குழந்தை தானே எழுத்துக்கூட்டி, அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று கண்டுகொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் வடிவம் நினைவில் பதிகிறது. சில முறை பதிந்தபின் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, பார்த்ததும் வந்துவிடும். வாசிக்கத் தொடங்கிய குழந்தை தனக்குத் தானே ஆசிரியராகிவிடுகிறது என்பது அவர் கருத்து. எனக்கு இது இந்தத் துறையிலேயே நம்பிக்கை தரும் கருத்தாகத் தோன்றுகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கூட்டியது சரியாக இருக்க வேண்டும், கூட்டிய சொல் தெரிந்த சொல்லோடு போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டும் நடந்தனவா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குழந்தை வாய்விட்டு வாசிப்பதை யாராவது கேட்க வேண்டும்.

வகுப்பறையின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. முப்பது குழந்தைகள், நாற்பது நிமிடப் பாடவேளை. ஆசிரியர் வேறு எதுவுமே செய்யாமல் ஒவ்வொருவரும் வாசிப்பதைக் கேட்டால்கூட ஒருவருக்கு 80 நொடி. பாடம் நடத்தவும், கரும்பலகையில் எழுதவும், வருகைப்பதிவு எடுக்கவும் வேண்டுமே. ஆகவே வகுப்பு ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கிறது. முப்பது குரல்களுக்குள் 'பெரம்மை' யாருக்கும் கேட்பதில்லை.

கேட்பதற்கு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று வடக்கு லண்டனின் ஹாரிங்கே பகுதியில் 1970களில் பார்த்தார்கள். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பள்ளியிலிருந்து ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இன்னொரு பிரிவுக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியர் ஒருவர் சிறு குழுக்களாகப் பயிற்சி கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பெற்றோருக்கு வாசித்துக் காட்டியவர்கள்தான் முன்னே இருந்தார்கள். அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் சரியாகத் தெரியாத புலம்பெயர்ந்தவர்களும் இருந்தார்கள். அதே காலகட்டத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், குழந்தை தடுமாறும்போது பெரியவர் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் எளிய முறையை வகுத்தார்கள்: உடனே திருத்தாமல் சில நொடி பொறுப்பது, பிறகு விடையைச் சொல்லாமல் ஒரு குறிப்பு மட்டும் கொடுப்பது, சரிசெய்துகொண்டால் மனமாரப் பாராட்டுவது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்த முதல் சில நொடிப் பொறுமை நம்மில் பலருக்கு மிகக் கடினம். குழந்தை திணறினால் சொல்லை நாமே எடுத்துக்கொடுத்துவிடுவோம். அப்படிக் கொடுக்கப்பட்ட சொல்லைக் குழந்தை கூட்டவில்லை. ஆகவே ஷேர் சொன்ன பதிவும் நடப்பதில்லை.

இந்தியாவில் இது பெரிய அளவில் தொடங்கியது மும்பையில். 1990களின் நடுவில் உருவான பிரதம் அமைப்பு, நகராட்சிப் பள்ளிகளுக்கு 'பால்சகி' என்ற பெயரில் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களை அனுப்பியது. பள்ளிப்படிப்பு முடித்தவர்கள், இரண்டு வாரப் பயிற்சி, சொற்ப ஊதியம். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கியிருந்த பதினைந்து, இருபது குழந்தைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்தார்கள். பின்னாளில் 2019-இல் இவர்கள் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பால்சகி சென்ற குழந்தைகள் நன்றாகவே முன்னேறினார்கள். இன்னொரு முடிவு அதிகம் பேசப்படாதது. பின்தங்கியவர்கள் எழுந்துபோனதால் வகுப்பில் கூட்டம் குறைந்ததே, மீதியிருந்த குழந்தைகளுக்கு அதனால் ஏதும் கிடைத்ததா? குறிப்பிடும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தது, பாடம் நடக்கும் முறை மாறவில்லை.

அடுத்த ஆய்வு உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில், 2005-06-இல். கிராமத்து இளைஞர்களே பள்ளி நேரத்துக்குப் பிறகு வாசிப்பு முகாம் நடத்தினார்கள். ஊதியம் கிடையாது. தொடக்கத்தில் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்து முகாமில் கலந்துகொண்ட குழந்தைகள் அனைவரும் ஆண்டு முடிவில் எழுத்துகளையாவது அடையாளம் கண்டார்கள். முகாம் நடக்காத கிராமங்களில் அப்படிப்பட்ட குழந்தைகளில் 40 விழுக்காட்டினருக்கே அது கைவந்தது. வியக்கத்தக்க வெற்றி. ஆனால் கிராமத்துக் குழந்தைகளில் முகாமுக்கு வந்தவர்கள் 8 விழுக்காடுதான். வாசிக்கத் தெரியாதவர்களிலும் 13 விழுக்காட்டினரே வந்தார்கள். தன்னார்வலர் கற்பித்தது பலித்தது. குழந்தைகள் வந்து சேரவில்லை.

அப்படியானால் தன்னார்வலரைப் பள்ளிக்குள்ளேயே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். பிகாரிலும் உத்தரகண்டிலும் பள்ளியோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். இங்கேதான் இந்தக் கதையின் மிக முக்கியமான திருப்பம் இருக்கிறது. உத்தரகண்டில் தன்னார்வலர்கள் பள்ளிக்குள் போனார்கள்; பள்ளி அவர்களைத் தன் வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது. இன்னோர் ஆசிரியரைப்போல அவர்களும் பாடப்புத்தகத்தை நடத்தத் தொடங்கினார்கள். குழந்தைகளின் வாசிப்பில் பலன் எதுவும் தெரியவில்லை. பிகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே கோடை விடுமுறையில் ஒரு மாத வாசிப்பு முகாம் நடத்தியபோது குழந்தைகள் முன்னேறினார்கள். அதே முறையில் பயிற்சியும் கருவிகளும் பெற்ற ஆசிரியர்கள் பள்ளி திறந்து வகுப்புக்குத் திரும்பியதும் முன்னேற்றம் நின்றுவிட்டது. பள்ளி நேரத்துக்கு வெளியே தன்னார்வலர்கள் உதவிய இடங்களில்தான் வாசிப்பு கூடியது.

ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் ஆய்வைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். கோடை முகாமில் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தானே. ஜூன் மாதம் அவர்கள் கையில் இல்லாததும் ஜூலையில் வந்து சேர்ந்ததும் ஒன்றே ஒன்று: முடித்தாக வேண்டிய பாடத்திட்டம். தன்னார்வலரின் பலம் அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதில் இருக்கிறது. குழந்தை எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்த எழுத்தில் அவரும் நிற்கலாம். அரியானாவில் 2012-13-இல் அரசு ஆசிரியர்களுக்கே இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தார்கள். தினம் ஒரு மணி நேரம், வகுப்பைக் கலைத்து, வாசிக்கும் நிலைக்கேற்பக் குழு பிரித்து, மேற்பார்வையோடு. பலன் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் பிரதம் பணியாளர்களும் ஊர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து பள்ளி வளாகத்திலேயே பத்து நாள், இருபது நாள் முகாம்களை விட்டுவிட்டு நடத்தினார்கள். முகாம் நடந்த பள்ளிகளில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் ஒரு பத்தியையோ கதையையோ வாசிக்கும் நிலைக்கு வந்தார்கள். மற்றப் பள்ளிகளில் அது கால்வாசியைத் தொடவில்லை. ஆக, பள்ளிக்குள் தன்னார்வலர் பயன்படமாட்டார் என்பதல்ல. அவருக்கென்று நேரமும் வேலையும் தனியாக ஒதுக்கப்பட்டால் பயன்படுவார். ஆள் பற்றாக்குறைக்கு ஈடாக நிறுத்தினால் பயன்பட மாட்டார்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சோதனை வந்தது பெருந்தொற்றோடு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் வீட்டுக்குப் போன குழந்தை, மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்னதாக, அக்டோபர் 27-இல், விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, ஒருவருக்கு இருபது குழந்தைகள் என்ற கணக்கு. வீட்டுத் திண்ணை, அங்கன்வாடி, பள்ளி வளாகம், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. மாதம் ₹1,000 ஊக்கத்தொகை. அவர்கள் செய்த வேலைக்கு அந்தத் தொகை குறைவு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நல்வாய்ப்பாக, இதை அளக்க ஆட்கள் இருந்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் 2019-இலேயே தமிழகக் கிராமங்களில் குழந்தைகளைச் சோதித்திருந்தார்கள். சுமார் 19,000 குழந்தைகளைக் கொண்டு அவர்கள் கணக்கிட்டதில், 2021 டிசம்பரில் தமிழிலும் கணக்கிலும் பெரும் இழப்பு தெரிந்தது. கணக்கில் இன்னும் மோசம். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்விதான் காரணம் என்பது அவர்களின் மதிப்பீடு. இழப்பு ஏழை வீட்டுக் குழந்தைகளை அதிகம் தாக்கியிருந்தது; மீட்சியோ அவர்களிடம்தான் வேகமாக நடந்தது.

ஜவுன்பூரில் நூற்றுக்கு எட்டு பேர் வந்த இடத்தில் இங்கே தெருவே திரண்டு வந்தது எப்படி? அரசு முன்னின்றது, பள்ளி ஆசிரியர்கள் உடன் நின்றார்கள், பத்தொன்பது மாதம் பிள்ளைகள் வீட்டில் கிடந்ததைப் பார்த்துப் பெற்றோர் பயந்திருந்தார்கள். இவற்றோடு, கற்பிப்பவர் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா என்பதும் சேர்ந்தது. அந்தக் கடைசிக் காரணத்தில் மொழியியலும் கலந்திருக்கிறது.

தமிழ்க் குழந்தை வீட்டில் பேசும் மொழி வேறு, புத்தகத்தில் பார்க்கும் மொழி வேறு. புத்தகத்தில் 'இலை' இருக்கிறது. வீட்டில் அது 'எல'. 'விளக்கு' வீட்டில் 'வெளக்கு'. 'வந்துவிட்டான்' வீட்டில் 'வந்துட்டான்'. குழந்தை 'இ... லை' என்று சரியாகக் கூட்டுகிறது, ஆனால் அது எந்தச் சொல்லோடும் போய்ச் சேர்வதில்லை. சரியாக வாசித்துவிட்டுத் தவறோ என்று விழிக்கும். அப்போது அக்கா சொல்கிறார்: "எலடா. சாப்புடறதுக்குப் போடுவோம்ல, அந்த எலதான். புக்குல இலைன்னு எழுதுவாங்க." ஷேர் சொன்ன இரண்டாவது நிபந்தனை அந்த ஒரு நொடியில் நிறைவேறுகிறது. குழந்தையின் வீட்டு வழக்கைத் தன் சொந்த வழக்காகப் பேசுகிறவருக்கு இது யோசிக்காமல் வருகிறது. அந்தப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவருக்கு எத்தனை பட்டம் இருந்தாலும் வராது.

2022 ஜூனில் தமிழக அரசு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்கும் நிலைக்கேற்பப் பிரிக்கப்படுகிறார்கள். நிலை பார்த்துக் கற்பிப்பதைப் பள்ளி தன் முறையாக ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம். ஆனால் நிலை பிரித்தாலும் அந்த 80 நொடிக் கணக்கு மாறுவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் நாள்தோறும் பத்து நிமிடமாவது ஒருவர் கேட்க வாய்விட்டு வாசிக்க வேண்டுமானால், ஆசிரியரைத் தவிர இன்னும் சில காதுகள் வகுப்பில் வேண்டும். பணி ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், மதியத்தில் நேரம் கிடைக்கும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று பாடவேளை அட்டவணையில் ஓர் இடம்தான் இல்லை.

அப்படிப் போகிறவர் முதல் நாள் செய்ய வேண்டியது மிக எளிது. குழந்தைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' கணக்கெடுப்பில் 2005 முதல் பயன்படுத்தப்படும் வாசிப்புத் தாள் ஒரே பக்கம்தான்: சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு குட்டிக் கதை. குழந்தையைத் தனியே உட்காரவைத்து, பத்தியிலிருந்து தொடங்க வேண்டும். திணறினால் சொற்களுக்கு இறங்க வேண்டும், அதிலும் திணறினால் எழுத்துகளுக்கு. தடையில்லாமல் வாசித்தால் கதையைக் கொடுக்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம். எழுத்தில் நிற்கும் குழந்தையிடம் கதைப் புத்தகத்தை நீட்டக் கூடாது. சொல்லுக்கு வந்துவிட்ட குழந்தையை மறுபடி அ, ஆவன்னாவில் உட்காரவைக்கவும் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும், எதிரில் அல்ல. விரல் குழந்தையுடையதாக இருக்கட்டும். அது தடுமாறும்போது, வாயில் வந்துவிட்ட சொல்லை விழுங்கிக்கொண்டு ஐந்து வரை எண்ண வேண்டும்.